பாபநாசம் சிவன்: கோயில் வீதியிலும் வெள்ளித்திரையிலும் ஒலித்த வாக்கேயகாரர்



வாழ்க்கை வரலாறு பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பெற்ற விருதுகள் ஆகியவற்றை வரிசையாக எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார்கள். அது ஒருவரின் வாழ்க்கையாகாது. அவர் வாழ்ந்த காலத்தில் இருந்த இடர் என்ன, அதற்கு அவர் கண்ட வழி என்ன, அதனால் விளைந்த பயன் என்ன என்பனவும் விடையில் இடம்பெற வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பாபநாசம் சிவன் அவர்களின் வாழ்க்கையை இப்பாடத்தில் நோக்குவோம்.

இவரைக் கர்நாடக சங்கீத உலகம் வாக்கேயகாரர் என்று போற்றுகின்றது. சொல்லையும் இசையையும் ஒருங்கே தாமே அமைப்பவரே வாக்கேயகாரர் எனப்படுவார். அதே மனிதர் தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில் அதன் முன்னணி இசையமைப்பாளராகவும் பாடலாசிரியராகவும் விளங்கினார். கோயில் எங்கே, சினிமா எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியே இவரது வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலாகும்.

பிறப்பும் இளமையும்

அந்நாளைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த போலகம் என்னும் சிற்றூரில் 1890 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆம் திகதி இவர் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர். தாயார் யோகாம்பாள். பெற்றோர் இட்ட பெயர் இராமையா என்பதாகும். இவருக்கு இராஜகோபாலன் என்னும் தமையனார் ஒருவர் இருந்தார்.

இராமையாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். கணவனை இழந்த யோகாம்பாள் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1899 இல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த உறவினரிடம் சென்றார். அது அக்காலத்தில் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம். அங்கே பேச்சு மொழி மலையாளம். இராமையா மலையாளத்தில் படித்தார். பின்னர் மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வடமொழி இலக்கணத்தில் பட்டம் பெற்றார்.

இங்கே ஒரு கணம் நின்று சிந்தியுங்கள். பிற்காலத்தில் தமிழ்த் தியாகையர் என்று அழைக்கப்பட்ட இவர் பள்ளியிலே முறையாகக் கற்ற மொழிகள் மலையாளமும் வடமொழியும் ஆகும். தமிழ் இவருக்கு வீட்டில் தாயார் பேசிய மொழியாகவும், பஜனை மடங்களில் காதால் கேட்ட பாட்டின் மொழியாகவுமே முதலில் அமைந்தது. திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவன் என்னும் பக்தர் இயற்றிய தமிழ்ப் பாடல்கள் பஜனைகளிலே பாடப்பட்டு வந்தன. அப்பாடல்களின் எளிமையும் உருக்கமும் இளம் இராமையாவின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தன. நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் சங்கீதத்தின் அடிப்படைகளையும் அங்கேயே கற்றார்.

1910 இல் தாயாரும் மறைந்தார். இருபது வயதில் இவர் பெற்றோர் இருவரையும் இழந்தவரானார். நிலையான தொழில் எதுவும் இல்லை. தஞ்சைப் பகுதிக்குத் திரும்பி ஊர் ஊராகச் சென்று கோயில்களில் பாடுவதே வாழ்க்கையாயிற்று.

பெயர் வந்த கதை

இவரது தமையனார் பாபநாசம் என்னும் ஊரில் வாழ்ந்தார். இவரும் அங்கே வந்து தங்குவது வழக்கம். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், வாயில் இடையறாத பாட்டு என்று இவர் திரிவதைக் கண்ட மக்கள் இவரைச் சிவன் என்றே அழைக்கலாயினர். ஊர்ப்பெயரும் அதனோடு சேரவே பாபநாசம் சிவன் என்பது நிலைத்தது.

கவனிக்க: தமிழ்நாட்டில் பாபநாசம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. திருநெல்வேலிப் பக்கத்தில் அருவியுடன் உள்ள ஊர் வேறு. இவருடன் தொடர்புடையது கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள பாபநாசமாகும்.

பெயர் மாறினாலும் பாடல்களின் முத்திரை மாறவில்லை. தம் இயற்பெயரை நினைவூட்டும் வகையில் ராமதாசன் என்னும் முத்திரையையே இவர் பயன்படுத்தினார். சிவன் என்று பெயர் பெற்றவர் ராமதாசன் என்று கையொப்பமிட்டார் என நினைவிற் கொண்டால் இதனை மறக்க மாட்டீர்கள்.

குருவும் முதற் பாடலும்

அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த கோனேரிராஜபுரம் வைத்தியநாதையரை இவர் குருவாகக் கொண்டார். குருவின் கச்சேரிகளைத் தொடர்ந்து கேட்டும், உடனிருந்து பாடியும் இராக ஆலாபனையின் நுட்பங்களை அறிந்துகொண்டார். அக்கால குருகுல முறையில் பாடக் கொப்பிகள் பெரிதாக இல்லை. கேட்பதும், நினைவில் வைத்திருப்பதும், மீளப் பாடிப் பார்ப்பதுமே பயிற்சியாக இருந்தன.

இவரது முதற் பாடல் திருவாரூர்த் தியாகேசப் பெருமான் மீது குந்தலவராளி இராகத்தில் அமைந்தது. சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரிலேயே இவரது பாடற்பணியும் தொடங்கியமை சிறப்புக்குரியது. 1917 இல் இலட்சுமி அம்மாளைத் திருமணம் செய்தார். 1918 இல் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை விழாவில் பாடினார்.

சென்னை வாழ்க்கை

1930 இல் சிவன் குடும்பத்துடன் சென்னைக்கு வந்து மயிலாப்பூர்ப் பகுதியைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். அப்போது இவருக்கு நாற்பது வயது. கையில் இருந்த செல்வம் பாட்டு மட்டுமே.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் உள்ளது. மார்கழி மாத அதிகாலையில் அக்கோயிலின் மாட வீதிகளைச் சுற்றிப் பஜனை பாடிச் செல்வதைச் சிவன் ஒரு விரதமாகவே கொண்டிருந்தார். இது ஓரிரு ஆண்டுகளில் முடிந்த செயலன்று. பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நமது ஊர்களில் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவழியே பாடிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தக் காட்சியை மனதில் கொண்டால் சிவனின் மார்கழி பஜனையும் உங்களுக்கு விளங்கும். அங்கே அனுமதிச் சீட்டு இல்லை. மேடை இல்லை. கோலம் போடும் பெண்களும், பால் கொண்டு செல்வோரும், சிறுவர்களுமே கேட்போர். அவர்கள் உடனே பற்றிக்கொண்டு பாடக்கூடியதாகப் பாட்டு இருக்க வேண்டும். இப்பயிற்சியே பின்னர் திரைப்படத்தில் இவருக்குக் கைகொடுத்தது.

கபாலீசுவரர் மீதும் கற்பகாம்பாள் மீதும் இவர் பாடிய கீர்த்தனைகள் பல. மோகன இராகத்தில் அமைந்த ‘காபாலி’, காம்போஜி இராகத்தில் அமைந்த ‘காணக் கண்கோடி வேண்டும்’ ஆகியன இன்றும் கச்சேரிகளில் விரிவாகப் பாடப்படுகின்றன. இவரது பாடல்களின் தொகுப்பான கீர்த்தன மாலை 1934 இல் முதன்முதலாக வெளிவந்தது. ருக்மிணி தேவி 1936 இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்திலும் சில காலம் இசை கற்பித்தார்.

அன்றைய சினிமா எவ்வாறு இருந்தது?

சிவனின் திரையிசைப் பணியை மதிப்பிடுவதற்கு அன்றைய சினிமாவின் நிலையை அறிதல் அவசியம். தமிழில் பேசும் படம் 1931 இல் வெளிவந்த காளிதாஸ் என்பதுடன் தொடங்கியது. நாடக மேடையிலிருந்து நேரே வந்த கலையாகையால் ஒரே படத்தில் பாடல்கள் மிகுதியாக இருந்தன. பின்னணிப் பாடல் முறை அப்போது பரவியிருக்கவில்லை. நடிப்பவரே பாடவும் வேண்டும். ஆகவே குரல் வளம் உள்ளவரே கதாநாயகராக முடிந்தது.

இசையமைப்பாளரின் வேலையும் இன்றையது போன்றதன்று. பாடலை எழுதுபவரே பெரும்பாலும் அதற்குரிய இராகத்தையும் மெட்டையும் அமைப்பார். நடிகருக்குப் பாடிக் காட்டிப் பயிற்சியளிப்பார். வாத்தியங்களைச் சேர்த்து ஒழுங்குசெய்யும் பணியை வேறொருவர் செய்வதும் உண்டு. வாக்கேயகாரர் ஒருவருக்கு இம்முறை மிகவும் இயல்பாகப் பொருந்தியது.

மற்றொரு பக்கமும் உண்டு. ஆசாரம் மிக்க குடும்பங்களில் சினிமாவுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. படம் பார்ப்பதே இழுக்கு என்று கருதியோர் இருந்தனர். கோயில் வீதியில் பாடும் பக்தர் ஒருவர் அத்துறையில் நுழைவது எளிதில் ஏற்றுக்கொள்ளப்படும் காரியமன்று. குடும்பம் நடத்த வருமானம் வேண்டும். பக்தியின் தூய்மையும் குன்றக் கூடாது. சிவனின் முன்னிருந்த இடர் இதுவே.

திரையிசைப் பணி

1934 இல் வெளிவந்த சீதா கல்யாணம் என்னும் படத்தின் மூலம் சிவன் திரையுலகில் நுழைந்தார். மராட்டியப் பகுதியைச் சேர்ந்த பிரபாத் நிறுவனத்தின் கலையகத்தில் அப்படம் தயாரிக்கப்பட்டது. இராமராக நடித்த எஸ். ராஜம் பிற்காலத்தில் சிறந்த சங்கீத வித்துவானாகவும் ஓவியராகவும் விளங்கினார். அவரது தம்பியும் பின்னாளில் வீணை மேதையாகப் புகழ்பெற்றவருமான எஸ். பாலசந்தர் சிறுவனாக அதே படத்தில் தோன்றினார். இராமாயணக் கதை என்பதால் சிவனுக்கும் மனத்தடை இருக்கவில்லை.

இதன் பின்னர் படங்கள் தொடர்ந்து வந்தன. 1937 இல் வெளிவந்த சிந்தாமணி, அம்பிகாபதி ஆகிய இரண்டும் பெருவெற்றி பெற்றன. இரண்டிலும் கதாநாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர். பாகவதரின் குரல் மேல் ஸ்தாயியில் தங்குதடையின்றிச் சஞ்சரிக்கக்கூடியது. அக்குரலின் இயல்பை நன்கு அறிந்து சிவன் பாடல்களை அமைத்தார். சிவனின் சாகித்தியமும் பாகவதரின் குரலும் இணைந்தபோது தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் அப்பாடல்கள் ஒலித்தன.

1938 இல் வந்த சேவாசதனம் எம். எஸ். சுப்புலட்சுமியின் முதற் படமாகும். பிரேம்சந்த் எழுதிய நாவலைத் தழுவி கே. சுப்பிரமணியம் இயக்கிய இப்படத்திலும், 1940 இல் எம். எஸ். நடித்த சகுந்தலையிலும் சிவனின் பாடல்கள் இடம்பெற்றன. 1941 இல் அசோக்குமார் வெளிவந்தது. அதில் இலங்கையில் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் சிறு வேடம் ஒன்றில் நடித்தார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1943 இல் சிவகவி, 1944 இல் ஹரிதாஸ் என வெற்றிகள் தொடர்ந்தன. இவற்றில் வாத்திய அமைப்பில் ஜி. இராமநாதன் சிவனுக்குத் துணைநின்றார். பின்னாளில் அவரும் தமிழ்த் திரையிசையின் பெரிய மேதையானார்.

ஹரிதாஸ் படமும் சாருகேசி இராகமும்

ஹரிதாஸ் 1944 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. படம் வெளிவந்த சில வாரங்களில் பாகவதர் ஒரு கொலை வழக்கில் கைதானார். 1947 இல் விடுதலையாகும்வரை அவர் சிறையிலேயே இருந்தார். நாயகன் சிறையில் இருந்த காலத்திலும் அவரது பாட்டைக் கேட்க மக்கள் திரண்டனர் என்றால் அப்பாடல்களின் ஆற்றலை நீங்களே உணரலாம்.

இப்படத்தில் ‘மன்மத லீலையை’ எனத் தொடங்கும் பாடல் சாருகேசி இராகத்தில் அமைந்தது. சாருகேசி 26 ஆவது மேளகர்த்தா இராகமாகும். சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் ஆகிய ஸ்வரங்கள் அதில் வரும். அதன் பூர்வாங்கம் மகிழ்ச்சியான சங்கராபரணத்தை நினைவூட்டும்; உத்தராங்கம் உருக்கமான தோடியின் பக்கம் சாயும். இரு வேறு உணர்வுகள் ஒரே இராகத்தில் சந்திக்கின்றன. தியாகராஜ சுவாமிகளின் ‘ஆட மோடி கலதே’ என்னும் கிருதி இவ்விராகத்தில் இருந்தபோதிலும், பொதுமக்களுக்கு அது அறிமுகமாகாத இராகமாகவே இருந்தது. ஒரு சினிமாப் பாட்டு அதனை வீடுதோறும் கொண்டுசென்றது. இராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதன் சாயலை முணுமுணுத்தனர்.

அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே ஒலிப்பதிவு செய்யலாம். கச்சேரியில் ஓர் இராகத்தை அரை மணிநேரம் விரித்துப் பாடலாம். இசைத்தட்டில் அதற்கு இடமில்லை. எனவே முதல் வரியிலேயே இராகத்தின் முகம் தெரிய வேண்டும். சொற்கள் சிறியனவாகவும் மெட்டோடு ஒட்டியனவாகவும் இருக்க வேண்டும். மார்கழி வீதியில் மக்களுக்காகப் பாடிப் பழகிய சிவனுக்கு இது புதிய வித்தையன்று.

நடிகராகச் சிவன்

சிவன் சில படங்களில் நடிக்கவும் செய்தார். 1936 இல் பக்த குசேலா படத்தில் குசேலராகத் தோன்றினார். 1943 இல் குபேர குசேலாவிலும் அதே வேடம். வறுமையிலும் இறைவனை மறவாத குசேலருக்கு இவரது மெலிந்த தோற்றம் நன்கு பொருந்தியது.

இவற்றினும் முக்கியமானது 1939 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி ஆகும். கல்கி எழுதிய இக்கதை ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமாகவும் உருவாகியது. இதில் சிவன் சம்பு சாஸ்திரி என்னும் முதியவராக நடித்தார். புயல் வெள்ளத்தில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைக்கலம் கொடுத்தமைக்காக ஊராரால் ஒதுக்கப்படும் அந்தணரின் பாத்திரம் அது. ஆசாரத்தின் சின்னமாகத் தோற்றமளித்த ஒருவரே தீண்டாமைக்கு எதிரான கதையின் மையமாக நின்றமை பார்ப்போரை உலுக்கியது. டி. கே. பட்டம்மாள் இப்படத்தில் தேசபக்திப் பாடல் பாடினார். விடுதலை உணர்வைத் தூண்டுகிறது என்று கருதிய ஆங்கிலேய அரசு 1940 இல் படத்துக்குத் தடைவிதித்தது. சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணியோருக்கு இத்தடையே தக்க பதிலாகும்.

தமிழிசையும் சிவனும்

தமிழிசை இயக்கம் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும்பகுதி பாடப்பட்டன. தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக இடம்பெற்றன. தமிழ் மக்கள் கூடியுள்ள சபையில் தமிழுக்கு முதன்மை வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அண்ணாமலைச் செட்டியார், இராஜாஜி, கல்கி முதலியோர் இதற்கு ஆதரவளித்தனர். எதிர்த்தோரும் பலர். தமிழில் கனமான உருப்படிகள் போதிய அளவு உண்டா என்பது அவர்கள் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் முன்னரே தமிழில் பாடியிருந்தனர். ஆயினும் சமகாலத்தில் வாழ்ந்துகொண்டே பெரிய இராகங்களிலும் அரிய இராகங்களிலும் தமிழ்க் கிருதிகளைத் தொடர்ந்து தந்தவர்களுள் சிவன் முதன்மையானவர். விவாதங்களுக்கு அவர் அளித்த விடை பாடல்களாகவே அமைந்தது. வடமொழியிலும் அவர் பாடல்கள் இயற்றினார். ஒரு மொழியை உயர்த்துவதற்கு இன்னொன்றை வெறுக்க வேண்டியதில்லை என்பதை அவரது பணியே காட்டுகின்றது.

திரைப்படம் இங்கேதான் அவருக்குத் துணைசெய்தது. சபைகளில் நூறு பேர் கேட்கும் பாட்டைத் திரையரங்கில் ஆயிரக்கணக்கானோர் கேட்டனர். தமிழிலும் இவ்வளவு இனிமையாகக் கர்நாடக இசை பாடலாம் என்பதைச் சாதாரண மக்கள் செவியால் உணர்ந்தனர். சில பாடல்கள் திரையிலிருந்து கச்சேரி மேடைக்கும் சென்றன. சிவகவியில் இடம்பெற்ற பந்துவராளி இராகப் பாடலான ‘அம்பா மனம் கனிந்து’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள், மதுரை மணி ஐயர் முதலிய பெரும் கலைஞர்கள் சிவனின் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பினர்.

மாறிய காலம்

எக்காலமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 1940களின் இறுதியில் பின்னணிப் பாடல் முறை உறுதியாக வேரூன்றியது. பாடத் தெரியாதவரும் நடிகராகலாம் என்ற நிலை வந்தது. பாடல்களின் எண்ணிக்கை குறைந்தது. வசனத்துக்கு மதிப்புக் கூடியது. இந்திப் படங்களின் மெட்டுக்களைத் தழுவும் வழக்கம் பரவியது. மெல்லிசை தலையெடுத்தது. இராகத்தை அடித்தளமாகக் கொண்ட பாடல்களுக்குத் திரையில் இடம் சுருங்கியது.

சிவன் இதனை எதிர்த்துப் போராடவில்லை. தமக்குப் பொருந்தாத வேலையைத் தேடிப் போகவுமில்லை. கீர்த்தனை இயற்றுவதிலும், கற்பிப்பதிலும், மார்கழி பஜனையிலும் நாட்களைச் செலவிட்டார். வடமொழிச் சொற்களுக்குப் பொருள் கூறும் பேரகராதி ஒன்றையும் உழைத்துத் தொகுத்தார். காரைக்கால் அம்மையார் வரலாற்றையும் இசைப் பாடல்களாக அமைத்தார். சினிமா வருவதற்கு முன் எங்கே நின்றாரோ, சினிமா விலகிய பின்னும் அங்கேயே நின்றார். அதனால் அவருக்குத் தோல்வி என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பாடல்களின் சிறப்பியல்புகள்

விடை எழுதும்போது பின்வருவனவற்றைக் குறிப்பிடலாம்.

1. எளிய தமிழ்ச் சொற்கள். வடசொற்களும் இயல்பாகக் கலந்து வரும்.
2. எதுகை, மோனை நயம். தாளத்தின் அடியோடு சொல்லின் அசைவு பொருந்தி நிற்றல்.
3. தொடக்கத்திலேயே இராகத்தின் வடிவம் தெளிவாகத் தோன்றுதல்.
4. பக்தி பேசும் முறையின் பன்மை. சில பாடல்கள் முறையிடுவன; சில உரிமையோடு கடிந்துகொள்வன; சில இறைவனின் அழகை வியப்பன.
5. பல தெய்வங்கள் மீதும் பாடியமை. சிவன், அம்பிகை, முருகன், கண்ணன், இராமன் என யாவரும் இவரது பாடல்களில் இடம்பெறுகின்றனர்.
6. ராமதாசன் என்னும் முத்திரை.

விருதுகளும் மறைவும்

முதுமையிலேயே பெரிய விருதுகள் இவரைத் தேடி வந்தன. 1962 இல் சங்கீத நாடக அகாதமியின் கௌரவம் கிடைத்தது. 1971 இல் சென்னை மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி விருது வழங்கியது. அப்போது அவருக்கு வயது 81. 1972 இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1973 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தமது 83 ஆவது வயதில் சிவன் காலமானார்.

மதிப்பீடு

இப்பாடத்தின் தொடக்கத்தில் மூன்று விடயங்களைக் கூறினோம். இடர், வழி, பயன் என்பன அவை. இப்போது அவற்றைத் தொகுத்துப் பாருங்கள்.

பெற்றோரை இழந்து, நாற்பது வயதுவரை நிலையான வருமானம் இன்றி வாழ்ந்த ஒருவர், மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்ட புதிய துறை ஒன்றின் வாசலில் நின்றார். உள்ளே போனால் பெயர் கெடும் என்ற அச்சம் ஒருபுறம்; போகாவிட்டால் குடும்பம் வருந்தும் என்ற கவலை மறுபுறம். சிவன் உள்ளே சென்றார். ஆனால் கோயிலுக்கு ஒரு தரம், சினிமாவுக்கு ஒரு தரம் என்று தம் இசையைப் பிரிக்கவில்லை. கபாலீசுவரருக்காகப் பாடும்போது எவ்வளவு கவனத்துடன் இராகத்தைத் தொட்டாரோ, அதே கவனத்துடன் திரையரங்கின் தரையில் அமர்ந்து படம் பார்த்த தொழிலாளிக்காகவும் தொட்டார். பணம் கொடுக்க இயலாத மக்களின் காதுக்கும் நல்ல சங்கீதம் சென்றடைந்தது. தமிழ்க் கீர்த்தனை கச்சேரி மேடையில் தலைநிமிர்ந்து அமர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இன்று சிவனின் கீர்த்தனைகளைப் பாடுவோரில் பலர் அவர் திரைப்பட இசையமைப்பாளர் என்பதை அறியார். பழைய திரைப்பாடல்களைக் கேட்டு மகிழ்வோரில் பலர் அவற்றைப் பாகவதரின் பாடல்கள் என்றே சொல்வர். இயற்றியவரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. பாடியவரின் முகம் திரையில் தெரிந்தது. பாட்டைப் பிறப்பித்தவர் திரைக்குப் பின்னால் இருந்தார். இனிமேல் பழைய பாடல் ஒன்றை வானொலியில் கேட்கும்போது, பாடியவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார் என்றும் கேளுங்கள். இப்பாடத்தைக் கற்றதன் உண்மையான பயன் அதுவே.

நினைவிற் கொள்க

பிறப்பு: 1890, போலகம்
இயற்பெயர்: இராமையா
முத்திரை: ராமதாசன்
குரு: கோனேரிராஜபுரம் வைத்தியநாதையர்
சென்னை வருகை: 1930
முதற் படம்: சீதா கல்யாணம், 1934
நடித்த படங்கள்: பக்த குசேலா (1936), தியாகபூமி (1939), குபேர குசேலா (1943)
சங்கீத கலாநிதி விருது: 1971
பத்மபூஷண் விருது: 1972
மறைவு: 1973

பயிற்சி வினாக்கள்

1. வாக்கேயகாரர் என்பதன் பொருள் யாது? பாபநாசம் சிவனை அவ்வாறு அழைப்பதற்கான காரணத்தைக் கூறுக.
2. பாபநாசம் சிவன் என்னும் பெயர் இவருக்கு வந்தவாற்றை விளக்குக.
3. 1930களில் தமிழ்த் திரைப்பட இசையமைப்பாளரின் பணி இன்றைய பணியிலிருந்து வேறுபடுமாற்றை இரு உதாரணங்களுடன் எழுதுக.
4. சாருகேசி இராகம் பொதுமக்களிடையே பரவுவதற்கு ஹரிதாஸ் திரைப்படம் எவ்வாறு உதவியது?
5. மார்கழி பஜனையில் பெற்ற அனுபவம் சிவனின் திரையிசைப் பணிக்கு உதவியது என்னும் கூற்றை ஆராய்க.
6. தமிழிசை வளர்ச்சிக்குப் பாபநாசம் சிவன் ஆற்றிய பங்களிப்பை மதிப்பிடுக.

குறிப்பு: ஆறாம் வினாவுக்கு விடை எழுதும்போது கீர்த்தனைகளை மட்டும் எழுதி முடித்துவிட வேண்டாம். திரைப்படப் பாடல்களையும் சேர்த்து நோக்கினாலேயே விடை முழுமை பெறும்.